வயலில் இறங்கினால் யார் வர வேண்டும்

கிளப்பில் அவளுக்கு ஷரத்தம்மா என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை. வாரம் முழுக்க இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, கூரை ஒழுகினால் அது வெள்ளமா, வெள்ளம் என்றால் எதுவரை வெள்ளம் என்று ஷரத்து எழுதுகிறவள் விடுமுறையில் மட்டும் சும்மா இருப்பாளா? எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களை வைத்துக்கொண்டு அந்தக் கிளப் வருஷா வருஷம் நடத்தும் பந்தயத் தொடருக்கு விதி எழுதுவதும் அவள்தான், பாயிண்ட் போடுவதும் அவள்தான்.

பந்தயம் கேட்பதற்கு எளிது. இழுவை விமானம் கயிறு கட்டி மேலே கொண்டுபோய் விடும். கயிற்றைக் கழற்றிக்கொண்டு, வெயிலில் சூடாகிக் கிளம்பும் காற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதில் வட்டமடித்து உயரம் ஏறி, தண்ணீர்த் தொட்டி, கல் குவாரி, ஆற்றுப் பாலம் என்று சொன்ன இடங்களைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். சீக்கிரம் வந்தவருக்கு அதிகப் பாயிண்ட். பழைய, மெதுவான கிளைடருக்குக் கொஞ்சம் சலுகை. காற்று கைவிட்டு நடுவழியில் ஏதாவது வயலில் இறங்கிவிட்டால், வந்த தூரத்துக்கு மட்டும் பாயிண்ட், வேகத்துக்குப் பூஜ்யம். அப்படி இறங்கியவர் வரப்பில் நின்று வழி பார்க்க வேண்டியதுதான். யாராவது காரில் நீளமான ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு போய், இறக்கைகளைக் கழற்றி உள்ளே அடுக்கி, ஆளையும் விமானத்தையும் வீடு சேர்க்க வேண்டும்.

அந்த 'யாராவது'தான் அவளுக்கு முக்கியம்.

அவளுக்கும் அவள் கணவனுக்கும் சேர்த்து ஒரே ஒரு கிளைடர். அவன் பல் டாக்டர். இருவரும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. சோபா அவளுக்கு, புத்தக அலமாரி அவனுக்கு என்று வீட்டைப் பிரித்தார்கள். கிளைடரை மட்டும் ரம்பம் போட்டு அறுக்க முடியவில்லை. அதனால் தொடரில் 'கூட்டு நுழைவு' என்று பதிந்துகொண்டார்கள். ஒரு பந்தயம் அவள் பறப்பாள், அடுத்தது அவன். பாயிண்ட் எல்லாம் ஒரே கணக்கில் சேரும். ஏற்பாடு கச்சிதமாகத்தான் இருந்தது. ஒரே குறை, அவன் வரும் நாளில் அவளுக்கு அங்கே வேலையில்லை (பாயிண்ட் கணக்கை வீட்டிலிருந்தே போட்டுவிடுவாள்), அவள் வரும் நாளில் அவனுக்கு வேலையில்லை. சூரியனும் சந்திரனும் மாதிரி, ஒருத்தர் வாசனையை ஒருத்தர் விமானத்தின் இருக்கையில் மட்டும் உணர்ந்துகொண்டிருந்தார்கள். அவன் கைகளில் எப்போதும் இருக்கும் கிராம்பு எண்ணெய் வாசனை, அவன் பறந்த மறுவாரமும் தோள்பட்டை வாரில் ஒட்டியிருக்கும். அவள் வாரை இறுக்கும்போது ஒரு கணம் அதிகமாகவே குனிவாள்.

இந்த வருஷத் தொடர் தொடங்கும் முன் நடந்த விதிக் கூட்டத்தில் அவள் ஒரு புது விதி கொண்டுவந்தாள்.

"கூட்டு நுழைவுன்னா ரெண்டு பேர் மாறி மாறிப் பறக்கறாங்க. ஒருத்தர் களைச்சுப் போனா இன்னொருத்தர் தயாரா இருக்கார். அது ஒரு சலுகை. சலுகைன்னா கூடவே ஒரு பாரமும் இருக்கணும். அதனால, ஒருத்தர் வயல்ல இறங்கினா ட்ரெய்லர் கொண்டுபோக வேண்டியது அவரோட கூட்டாளிதான். வேற யாராவது போனா அன்னிக்குப் பாயிண்ட்ல பாதி வெட்டு."

பேக்கரிக்காரர் கை தூக்கினார். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற வாய். தொடரில் அவளுக்குச் சரியான போட்டியும் அவர்தான்.

"இந்தக் கிளப்ல கூட்டு நுழைவே ஒண்ணே ஒண்ணுதானே அக்கா இருக்கு? அதுவும் உங்களுது."

"அதனாலதான் சொல்றேன். விதி எழுதறவ தனக்குச் சாதகமா எழுதிக்கிட்டான்னு நாளைக்கு ஒருத்தர் பேசக் கூடாது."

கிளப் தலைவர் மரச்சாமான் கடை வைத்திருப்பவர். எதையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார். மேஜையைத் தட்டியபடியே சொன்னார்: "தனக்குத் தானே விலங்கு செஞ்சு மாட்டிக்கிற ஆளை இன்னிக்குத்தான்மா பாக்கறேன். டாக்டர், உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை?"

கடைசி வரிசையில் காகிதக் கோப்பையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டிருந்தவன் நிமிராமல், "அவ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

விதி நிறைவேறியது. அவளுக்குக் காது மடல்கள் சுட்டன. இன்சூரன்ஸ் ஆபீசில் எத்தனையோ ஷரத்து எழுதியிருக்கிறாள். நெஞ்சு படபடக்க எழுதியது இது ஒன்றுதான்.

ஆனால் ஷரத்து எழுதியவளுக்குக் காற்று ஒத்துழைக்க வேண்டுமே! அந்த மனிதன் வயலில் இறங்கவே மாட்டேன் என்றான். பல்லில் பொடி ஓட்டையையும் கண்டுபிடிக்கிற கண். வானத்தில் எங்கே காற்று மேலே கிளம்புகிறது என்பதும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. அவன் பறந்த நாட்களில் எல்லாம் அவள் காரில் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு, ஜெயிக்கவும் வேண்டும், வயலில் இறங்கவும் வேண்டும் என்று இரண்டு வேண்டுதலையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டு நிற்பாள். அவனோ ஜம்மென்று வந்து இறங்கி, "காத்து நல்லா இருந்துச்சு" என்று பொதுவாக யாரிடமோ சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

கடைசியில் அவள்தான் ஒருமுறை இறங்கினாள். வேண்டுமென்றே இறங்கினாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. இன்னும் இரண்டு வட்டம் பொறுமையாகச் சுற்றியிருந்தால் காற்று அகப்பட்டிருக்கலாம். பொறுமை எங்கோ போயிருந்தது. அறுவடை முடிந்த வயலில் உட்கார்ந்து, தூரத்துச் சாலையில் அந்த வெள்ளை ட்ரெய்லர் திரும்புவதைப் பார்த்தபோது, கல்யாணம் ஆன புதிதில் அவன் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு ஜன்னலில் நிற்பாளே, அந்த நாள் அப்படியே திரும்பி வந்தது.

ஆனால் அந்தப் பயணத்தில்தான் அவன், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. தொடர் முடிந்ததும் போகிறான். கிளைடரில் தன் பங்கை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

"ஓ" என்றாள் அவள். எவ்வளவோ சொல்ல நினைத்து, "பங்கு மாத்தறதுக்குக் கிளப்ல முன்கூட்டியே சொல்லணும்" என்றாள். வாய் தனக்குத் தெரிந்த வேலையைத்தானே செய்யும்!

ஆகவே தொடரின் கடைசிப் பந்தயம் வந்தபோது அவளுக்கு இருந்தது ஒரே வாய்ப்பு. அன்று அவன் முறை. அவன் வயலில் இறங்கினால், அந்த ஒரு பயணத்தில், போகாதே என்று சொல்லிவிடலாம். இறங்காவிட்டால் பரிசு, கைதட்டல், கூட்டம், ஆளுக்கொரு கை குலுக்கல், அத்தோடு சரி.

பாயிண்ட் நிலவரமும் ஊசிமுனையில்தான் நின்றது. பேக்கரிக்காரர் ஒரு மயிரிழை முன்னால். டாக்டர் அவரை முந்திக்கொண்டு வந்தால் தொடர் இவர்களுக்கு.

மதியத்துக்குமேல் கிளைடர்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. டாக்டரையும் காணோம், பேக்கரிக்காரரையும் காணோம். தலைவர் வாசலில் நின்று வானத்தைத் தட்டிப் பார்க்க முடியாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போன் அடித்தது.

"இறங்கிட்டேன்" என்றது அவன் குரல். "ஆத்துப் பாலம் தாண்டி, செங்கல் சூளைக்குப் பின்னால. பசு மாடு இல்லாத வயல்தான். வர்றியா?"

"இதோ!"

காரை அவள் ஓட்டவில்லை. கார்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். முதலில் சாதாரணமாக ஆரம்பிப்பது. பிறகு பழைய சண்டைகளில் தன் பக்கத் தவறுகளை ஒப்புக்கொள்வது, வரிசையாக, முக்கியமானது முதலில். பிறகு... செங்கல் சூளை வந்துவிட்டது. திரும்பினாள். வயல் தெரிந்தது.

வயலில் இரண்டு கிளைடர்கள் நின்றன.

"வாங்க அக்கா, வாங்க!" என்று இரண்டு கைகளையும் ஆட்டினார் பேக்கரிக்காரர். "டாக்டர் எங்க போறாரோ அங்க நானும் போறதுன்னு காலைலயே முடிவு பண்ணிட்டேன். அவர் என்னை முந்தாம இருந்தாப் போதும், தொடர் எனக்குத்தானே! பின்னாலயே வந்தேன். அவர் இறங்கினார், நானும் இறங்கிட்டேன்!"

சிவபூஜையில் கரடி என்பார்கள். இந்தக் கரடி பூஜைக்குப் பறந்தே வந்திருந்தது.

பேக்கரிக்காரர் வயலின் சொந்தக்காரரோடு பேசப் போன நேரத்தில், இறக்கையின் ஆணியைக் கழற்றிக்கொண்டே அவள் மெதுவாகக் கேட்டாள்: "வேணும்னே இறங்கினியா?"

கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்தே அவர்களுக்குள் நீ, வா, போதான். கல்யாணமும் அதை மாற்றவில்லை, பிரிவும் மாற்றவில்லை.

"பைத்தியமா உனக்கு? ஜெயிக்கணும்னு பறந்தேன். இந்த மனுஷனைக் கழட்டி விடலாம்னு ஆத்தைத் தாண்டினேன். இந்தப் பக்கம் காத்து செத்துக் கிடந்துச்சு. பிடி, நுனியைப் பிடி."

அவள் நுனியைப் பிடித்தாள். நெஞ்சுக்குள் ஏதோ மெல்ல உயரம் இழந்தது.

கரடி சும்மா வரவில்லை. பேக்கரிக்காரரின் ட்ரெய்லரைக் கொண்டுவர வேண்டிய மச்சானின் வண்டி கிளம்பவில்லையாம். அவர் இவர்களோடு கிளப்புக்குப் போய், தானே எடுத்துக்கொண்டு வர வேண்டும். கிளைடரை வயல்காரர் பார்த்துக்கொள்வார்.

"பின் சீட்ல உக்காந்தா எனக்கு வாந்தி வரும் அக்கா."

"வானத்துல சுத்திச் சுத்திப் பறக்கறீங்க, அப்ப வரலியா?"

"அங்க பின் சீட்டே கிடையாதே!"

டாக்டர் பின்னால் ஏறிக்கொண்டான். அவளுக்குக் கிடைத்தது கண்ணாடியில் தெரிந்த அவன் நெற்றி மட்டும். முன்புறம் முடி கொஞ்சம் குறைந்திருந்தது. அது எப்போது குறைந்தது? தன் கண் முன்னால் குறைந்திருக்க வேண்டிய முடி அல்லவா அது?

"அக்கா, ரெண்டு பேரும் ஒரே வயல்தான். ஆனா என் மூக்கு அவர் மூக்குக்குக் கொஞ்சம் முன்னால நிக்குது. பார்த்தீங்கல்ல? அந்தத் தூரத்துக்குப் பாயிண்ட் உண்டா?"

"பறந்த பாதையைப் பதியற கருவி இருக்குல்ல, அதைப் பார்த்துச் சொல்றேன்."

"அவர் கிளைடர் பழசு. அந்தச் சலுகையைப் போட்டா அவருக்குக் கூடிடுமோ?"

"பார்த்துச் சொல்றேன்."

"அது சரி, டாக்டர் போனப்புறம் அடுத்த வருஷம் உங்களுக்கு யார் கூட்டாளி? என் மச்சான் கேட்டுக்கிட்டிருந்தான். நல்ல பையன், வண்டிதான் கிளம்பாது."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். நெற்றி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. ஒத்திகை பார்த்த வரிசை, முக்கியமானது முதலில் என்ற ஒழுங்கு, எல்லாம் காற்றில் போயிற்று.

"நீ போகாதே" என்றாள் கண்ணாடியிடம்.

பேக்கரிக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடினார். சிறிது தூரம் போனதும், "அக்கா, நான் வேணா இங்கயே இறங்கி நடக்கட்டுமா?" என்றார் பரிதாபமாக.

"உக்காருங்க" என்றான் பின்னாலிருந்து டாக்டர். "அதோ பெட்ரோல் பங்க் இருக்கு. அங்க நிறுத்து. ட்ரெய்லர் பெல்ட் தளர்ந்த மாதிரி சத்தம் வருது."

பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேக்கரிக்காரர் காபி வாங்குகிறேன் என்று பங்க் கடைக்குள் போனவர், அங்கிருந்த பன் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்து, தலையை ஆட்டி, திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரர்தான்.

ட்ரெய்லரின் அந்தப் பக்கம் இருவரும் நின்றார்கள்.

"இப்ப சொல்றே" என்றான் அவன்.

"இப்பதான் சொல்ல வந்துச்சு."

"ரெண்டு வருஷம் முன்னால நான் உன்னை விட்டு ஏன் போனேன்னு தெரியுமா உனக்கு?"

"எல்லாத்துக்கும் கணக்கு வெச்சேன். யார் துணி துவைச்சது, யார் குப்பை கொட்டினது..."

"கணக்குத் தப்பா இருந்தா சண்டை போட்டிருப்பேன். நீ சரியாத்தான் வெச்சே. எனக்கு ஜுரம் வந்தப்ப சூப் வெச்சுக் கொடுத்தே, ஞாபகம் இருக்கா? நல்லா இருந்துச்சு. நான் ரெண்டாவது வாய் எடுக்கறேன், நீ சிரிச்சுக்கிட்டே, 'போன மாசம் எனக்குத் தலைவலிக்கு நீ பார்த்துக்கிட்டதுக்கு இது சரியாப் போச்சு'ன்னே. விளையாட்டாத்தான் சொன்னே. அதுக்கப்புறம் அது தொண்டைல இறங்கல."

அவளுக்கு ஞாபகம் இல்லை. சூப்பில் மிளகு போட்டது வரை ஞாபகம் இருந்தது. சொன்னது ஞாபகம் இல்லை.

"இந்த ட்ரெய்லர் விதி எனக்காகத்தானே எழுதினே?"

"தெரியுமா உனக்கு?"

"கிளப்ல எல்லாருக்கும் தெரியும். பேக்கரி அடுப்புக்குக்கூடத் தெரியும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல?"

"வர்றதுக்கு அவளுக்கு ஒரு விதி வேணும்னா, சரி, அப்படியாவது வரட்டுமேன்னுதான். ஆனா இன்னிக்கு வயல்ல நிக்கும்போது தோணிச்சு, இவ வரணும்னு வர்றாளா, பாயிண்ட் வெட்டிடும்னு வர்றாளான்னு. என் வீடு உன் ஆபீஸ்லேர்ந்து ரெண்டு தெரு. ஒரு நாள்கூட வரலியே நீ."

"நீயும் வந்திருக்கலாமே."

"வந்திருக்கலாம். உன் தெரு முனை வரைக்கும் வந்திருக்கேன். அதுக்கு மேல தைரியம் இல்ல."

'அப்ப ரெண்டு பேரும் சமம்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். பல் டாக்டர் அதைக் கவனித்தான் போலிருக்கிறது.

"போறது நிச்சயமா?" என்றாள்.

"நிச்சயம். கையெழுத்துப் போட்டாச்சு. அங்க ஆள் இல்லாம காத்திருக்காங்க." குரல் இறங்கியது. "போகாதேன்னு ஒருத்தர் சொல்லணும்னு இருந்துச்சு. நீதான் சொல்லணும்னும் இருந்துச்சு. ஆனா அதுக்காக நின்னேன்னா, நான் நின்னதுக்கு நீ என்ன செஞ்சேன்னு நான் கணக்குப் பார்க்க ஆரம்பிச்சுடுவேன். எனக்கும் அந்த வியாதி தொத்திக்கிச்சு."

கடை வாசலில் பேக்கரிக்காரர் பெரிதாக இருமினார். அங்கிருந்தே இன்னொரு தடவை இருமினார். மூன்று காபியும் ஆறிப் போயிருந்தன. மூவரும் அதைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். மிச்ச வழியில் பங்க் கடையின் பன் எவ்வளவு மோசம் என்பதைப் பற்றி மட்டுமே பேச்சு. அவள் அடிக்கடி கண்ணாடியைப் பார்த்தாள். அவனும் இப்போது ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

கிளப் வாசலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். கார் நிற்பதற்குள் தலைவர் கதவைத் தட்டினார். "என்னம்மா, யார் முன்னால? யார் மூக்கு முன்னால? கோப்பையைத் துடைச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்!"

அவள் இரண்டு பதிவுக் கருவிகளையும் அவர் கையில் கொடுத்தாள். "இன்னிக்குப் பாயிண்ட் நீங்க போடுங்க தலைவரே."

"நானா?"

"கம்ப்யூட்டர்ல எல்லாம் தயாரா இருக்கு. ரெண்டையும் மாட்டினாப் போதும்."

"ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று தலைவர் கேட்டதற்குள் பேக்கரிக்காரர் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். "மூக்கு, தலைவரே, மூக்கை முதல்ல பாருங்க!" கூட்டமும் பின்னாலேயே போயிற்று.

டாக்டர் தன் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தான். தோளில் பை, கையில் தொப்பி. முடிவு தெரிந்துகொள்ள அவனும் நிற்கவில்லை.

"சாமான் எல்லாம் கட்டியாச்சா?" என்று கேட்டாள் அவள்.

அவன் திரும்பினான். "பாதிகூட ஆகல. புத்தகம்தான் நிறைய."

"பெட்டி இருக்கா?"

"இருக்கு. ஒட்டற டேப்தான் தீர்ந்து போச்சு."

"நான் வாங்கிட்டு வரேன்."

அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். "எதுக்கு வர்றே?"

அவளிடம் பதில்கள் இருந்தன. உபயோகமான, வரிசையான, ஒன்றுக்கொன்று முரண்படாத பதில்கள். அவற்றில் ஒன்றையும் எடுக்கவில்லை.

"சும்மாதான்" என்றாள்.

அவன் தலையசைத்தான். கார்க் கதவைத் திறந்தவன் ஏறாமல் நின்றான். பிறகு, "மூணாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யாது" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான்.

அவள் ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றினாள். கொக்கி இறுகியிருந்தது, உள்ளங்கையெல்லாம் கிரீஸ். கிளப்புக்குள்ளிருந்து ஒரு பெரிய ஆரவாரம் கேட்டது. யாரோ ஜெயித்துவிட்டார்கள். தலைவர் வாசலுக்கு வந்து, "ஷரத்தம்மா! ஷரத்தம்மா!" என்று கத்தினார். அவள் கையை ஆட்டிவிட்டு காரில் ஏறினாள். இந்த நேரத்துக்கு டேப் விற்கிற கடை எது திறந்திருக்கும் என்றுதான் மனசு ஓடியது. அவன் போவதற்காகக் கட்டப் போகிற பெட்டிகள் அவை என்று தெரியும். தெரிந்தும் வண்டியை வேகமாகத்தான் விட்டாள்.